கின்டாமா: 367 எபிசோடுகளில் எதையெல்லாம் தாண்டிவிடலாம்?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். இங்கே எனக்கு இது முதல் பதிவு. கின்டாமா என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கச் சொல்லி மூன்று ஆண்டுகளாக என் தோழி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் துணிந்து தொடங்கினேன். முதல் இரண்டு எபிசோடுகள் முடிந்தபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாற்பது பேர் வருகிறார்கள். எல்லோரும் ஏற்கெனவே எனக்குத் தெரிந்தவர்கள் போலப் பேசுகிறார்கள். விண்கலம் பறக்கிறது, கீழே கிமோனோவில் ஆட்கள் நடக்கிறார்கள், ஒருவன் மரவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

மொத்தம் 367 எபிசோடுகள் என்கிறார்கள். எனக்கு வேலைநாளில் இரவு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். கதைக்கு மிகவும் தேவையானவை எவை, தாண்டிவிடக்கூடியவை எவை என்று யாராவது பட்டியல் தந்தால் புண்ணியமாகப் போகும்.

தக்காளிசாதம் எழுதியது:

வருக. நானும் உங்களைப் போல நேரமில்லாமல் பார்த்தவன்தான். கதை நகரும் பகுதிகளை மட்டும் தருகிறேன்.

58 முதல் 61 வரை பெனிசகுரா. 101 முதல் 105 வரை ஷின்செங்குமி நெருக்கடி. 139 முதல் 146 வரை யோஷிவாரா. 177 முதல் 181 வரை சிவப்புச் சிலந்தி. 210 முதல் 214 வரை கபுகிச்சோவின் நான்கு பெருந்தலைகள். 257 முதல் 261 வரை நாட்டையே கவிழ்த்த நாட்டியக்காரி. பிறகு 300-இலிருந்து கடைசி வரை விடாமல் பாருங்கள்.

இடையில் இருப்பதெல்லாம் ஒரு எபிசோடில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும் நகைச்சுவை. உதாரணமாக 83. நாட்டின் ஆட்சித் தலைவரான ஷோகுன் ஒரு கேளிக்கை விடுதிக்கு வந்து விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருப்பார். சிரிப்பு வரும், ஆனால் கதைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தாண்டலாம்.

மரவாள் எழுதியது:

தக்காளிசாதம், எண்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் கின்டாமா பார்க்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அதிலும் 83-ஐத் தாண்டச் சொன்னீர்களே! நிலாமுற்றம், உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஷோகுன் தலைகாட்டும் எபிசோடு எதையும் விடாதீர்கள். காரணம் இப்போது கேட்காதீர்கள். தெரிந்தவர்களும் இந்த இழையில் அதைச் சொல்லிவிட வேண்டாம்.

முதலில் உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். தவறு உங்கள்மேல் இல்லை. அந்த முதல் இரண்டு எபிசோடுகள் மூலக்கதையான மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், கிடையாது. மாங்கா 2003 டிசம்பரில் தொடங்கிவிட்டது, அனிமே வந்தது 2006 ஏப்ரலில். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த வாசகர்களுக்கு ஒரு விருந்து வைக்கலாம் என்று எல்லாப் பாத்திரங்களையும் ஒரே நேரத்தில் மேடை ஏற்றிவிட்டார்கள். புதியவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே ஓடிப்போகிறார்கள். உண்மையான தொடக்கம் மூன்றாவது எபிசோடு. உணவகத்தில் வேலை செய்யத் தெரியாமல் திட்டு வாங்கிக்கொண்டு ஒரு கண்ணாடிக்காரப் பையன் நிற்பான். அவன்தான் ஷின்பாச்சி. அங்கிருந்து தொடங்குங்கள், எல்லாம் தன்னால் விளங்கும். அந்த முதல் இரண்டையும் நூறு எபிசோடு தாண்டியபின் போட்டுப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

நன்றி. மூன்றாவது எபிசோடிலிருந்து தொடங்குகிறேன். இதை அறிவியல் புனைவு என்று போட்டிருக்கிறார்களே, அது எனக்கு ஒட்டவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள் என்பதைத் தவிர அதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

கருங்கப்பல் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் பள்ளியில் வரலாறு நடத்துபவன். கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1853-இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவில் வந்து நின்றார். ஜப்பானியர்கள் அவற்றைக் கருங்கப்பல்கள் என்றார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கதவைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருந்த நாடு அது. 1858-இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி, வெளிநாட்டவன் ஜப்பானில் குற்றம் செய்தால் ஜப்பானிய நீதிமன்றம் அவனை விசாரிக்க முடியாது. சாமுராய்களில் ஒரு பகுதியினர் அந்நியரை விரட்டு என்று வாளெடுத்தார்கள். கடைசியில் 1876-இல் வாள் ஏந்தி நடப்பதே தடைசெய்யப்பட்டது.

இப்போது கின்டாமாவின் கதைக்களத்தைப் பாருங்கள். கருங்கப்பல் இருந்த இடத்தில் விண்கலம். அமெரிக்கர் இருந்த இடத்தில் ‘அமான்டோ’ என்ற வேற்றுக்கிரகவாசிகள். அந்நியரை விரட்டப் புறப்பட்ட சாமுராய்கள் தோற்றார்கள், வாள் பறிக்கப்பட்டது, எடோவின் நடுவில் ‘டெர்மினல்’ என்ற விண்வெளி நிலையம் எழுந்து நிற்கிறது. ஷோகுன் கோட்டையில்தான் இருக்கிறார், அதிகாரம் வேறொருவர் கையில் இருக்கிறது. சட்டத்துக்கு மேலே இருக்கும் அமான்டோ இளவரசன் ஒருவன் தன் செல்லப்பிராணி ஊரை நாசம் செய்தாலும் கவலைப்படாமல் வலம்வருகிறான். 1858 ஒப்பந்தம் நினைவுக்கு வரவில்லையா? கருவிகளும் சூத்திரங்களும் இருந்தால்தான் அறிவியல் புனைவா? நடந்த ஒன்றை நடக்காத ஓர் உலகத்துக்குக் கொண்டுபோய், தோற்றவர்கள் அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள் என்று கேட்கிறதே, என்னைப் பொறுத்தவரை அதுவும் அறிவியல் புனைவுதான்.

என்ன செய்தார்கள் என்றால், வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடினார்கள். போரில் வெண்பேய் என்று பெயரெடுத்த சகாட்டா கின்டோகி, ஓட்டோசே என்ற கிழவியின் மதுக்கடைக்கு மேல்மாடியில் ‘எந்த வேலையும் செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறான். இனிப்புப் பைத்தியம். வாள் இல்லை, தொலைக்காட்சி விற்பனையில் வாங்கிய மரவாள்தான் இருக்கிறது. அதன் பிடியில் ‘டோயாகோ’ என்று பொறித்திருக்கும். டோயா என்பது ஹொக்கைடோவில் உள்ள ஏரி. மாங்காவை எழுதிய சொராச்சி ஹிதேயாகியும் ஹொக்கைடோக்காரர்.

இரவுவிளக்கு எழுதியது:

கருங்கப்பல் ஐயா, பெயர்களைப் பற்றியும் சொல்லுங்கள். எனக்கு அந்தக் காலத்து ஜப்பானே இந்தத் தொடர் வழியாகத்தான் அறிமுகம்.

கருங்கப்பல் எழுதியது:

அது ஒரு தனிச் சுரங்கம். 1863-இல் கியோட்டோவில் உருவான காவல்படை ஷின்செங்குமி. தொடரில் உச்சரிப்பு அதேதான், எழுத்து ஒன்று மட்டும் வேறு. தலைவர் கொண்டோ இசாமி இங்கே கொண்டோ இசாவோ. ஹிஜிகாட்டா டோஷிசோ இங்கே டோஷிரோ. உளவாளி யாமசாகியின் உண்மைப் பெயர் சுசுமு, அதாவது முன்னேறு. தொடரில் அவன் பெயர் சகாரு, அதாவது பின்வாங்கு.

இவர்களுக்கு எதிர்முகாமில் கட்சுரா கோகோரோ. எத்தனை முறை வளைத்தாலும் தப்பிவிடுவதால் ‘ஓட்டக்காரக் கோகோரோ’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். கியோட்டோவில் ஒரு பாலத்தடியில் பிச்சைக்காரர் வேடத்தில் ஒளிந்திருந்தார் என்றும், இகுமாட்சு என்ற கெய்ஷா அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார் என்றும் கதை உண்டு. தொடரின் கட்சுரா எதற்கெடுத்தாலும் வேடம் போட்டுக்கொண்டு தப்பியோடுகிறானே, அந்த நகைச்சுவைக்கு வேர் இங்கே இருக்கிறது.

இன்னொன்று. கட்சுராவுக்கும் டகாசுகி ஷின்சாகுவுக்கும் ஆசானாக இருந்தவர் யோஷிதா ஷோயின். 1859-இல் எடோவில் தலைவெட்டி அவரைக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. தொடரில் வரும் ஆசானின் பெயர் யோஷிதா ஷோயோ. இதற்குமேல் சொன்னால் மரவாள் என்னை அடிக்க வருவார்.

மரவாள் எழுதியது:

அடிக்க மாட்டேன் ஐயா, ஆனால் நிறுத்தியதற்கு நன்றி.

தக்காளிசாதத்துக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 86, 87 ஆகிய இரண்டு எபிசோடுகளின் முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இந்தப் பதிவைக் கடந்துபோய்விடுங்கள்.

உங்கள் பட்டியலில் இந்த இரண்டும் இல்லை. கதை நகர்வதில்லை என்பது சரிதான். ஷின்செங்குமியின் ஒகிட்டாவுக்கு மிட்சுபா என்று ஓர் அக்கா. நுரையீரல் நோய்க்காரி. ஊரிலிருந்து தம்பியைப் பார்க்க வருகிறாள். உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஐஸ்கிரீம் கோப்பையை எடுத்து அதன்மேல் சிவப்பாகத் தெரியும் அளவுக்கு மிளகாய்ச் சாற்றை ஊற்றுவாள். சிரித்த முகம். எதிரே இருப்பவனும் அதைச் சாப்பிட்டாக வேண்டும். காரப்பைத்தியமான ஓர் அக்காவை வைத்துப் பத்து நிமிடம் சிரிக்க வைப்பார்கள்.

ஹிஜிகாட்டா அவளைப் பல ஆண்டுகளுக்கு முன்னால் மறுத்தவன். இறக்கும் தறுவாயில்கூட அவள் முகத்தைப் போய்ப் பார்க்கவில்லை, அவளுக்காகச் சண்டை போடத்தான் போனான். கடைசிக் காட்சி மருத்துவமனை மொட்டைமாடி. அவள் வாங்கித் தந்த காரமான அரிசி வறுவலை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். காரம், காரம் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது என்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கின்டோகியும் அதே வறுவலை மென்றுகொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்த ஐஸ்கிரீம் காட்சியில் நீங்கள் சிரித்திருக்காவிட்டால் இந்தக் காரத்துக்கு ஒரு பொருளும் கிடையாது. அழவேண்டிய இடத்துக்கு வேண்டியதைச் சிரிப்புக்குள்ளேயே முன்கூட்டி வைத்துவிடுகிறார்கள். கின்டாமா முழுவதும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நகைச்சுவையைத் தாண்டிவிட்டுப் போரை மட்டும் பார்ப்பவருக்கு நல்ல சண்டைக் காட்சிகள் கிடைக்கும், அவ்வளவுதான்.

தக்காளிசாதம் எழுதியது:

86, 87 என் பட்டியலில் விட்டுப்போனது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா நகைச்சுவை எபிசோடும் மிட்சுபா ஆகிவிடாது. வீட்டின் வெளிப்புறத்தை ஒரே படமாக நிறுத்திவைத்து, உள்ளே இருந்து குரல் மட்டும் கேட்கும்படி பல நிமிடங்கள் ஓட்டிய எபிசோடும் இருக்கிறது. அதையும் பார்க்கச் சொல்வீர்களா?

மரவாள் எழுதியது:

கட்டாயம் பார்க்கச் சொல்வேன். படம் அசையாமல் நிற்கும்போதும் உங்களால் சிரிப்பை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். கின்டோகிக்குக் குரல் கொடுத்த சுகிதா டோமோகாசு, ஷின்பாச்சிக்கு சகாகுச்சி டாய்சுகே, அவர்களோடு வேலை செய்யும் சிறுமி ககுராவுக்கு குகிமியா ரியே. இந்த மூவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டும் வேகம் மட்டுமே அங்கே இருக்கிறது. ஜப்பானில் மன்சாய் என்று இருவர் நின்று பேசும் நகைச்சுவைக் கலை உண்டு. ஒருவர் அபத்தமாக உளறுவார், அது போகே. மற்றவர் உடனே தலையில் தட்டித் திருத்துவார், அது ட்சுக்கோமி. ஷின்பாச்சி இந்தத் தொடரின் ட்சுக்கோமி. அவன் கத்தும் ஒவ்வொரு வரியும் பார்ப்பவர் மனத்தில் இருக்கும் வரிதான். அவன் இல்லாவிட்டால் நாமும் அந்தப் பைத்தியங்களோடு கரைந்துபோவோம்.

வெயில்குடை எழுதியது:

எல்லோரும் புகழ்கிறீர்கள். நான் ஒரு தாயாகக் கேட்கிறேன். என் மகனுக்குப் பத்து வயது. வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று இதைப் பார்க்கவேண்டும் என்கிறான். நான் முதலில் பதினைந்து எபிசோடு பார்த்தேன். கழிவறை நகைச்சுவை, இரட்டை அர்த்தம். அதைக்கூட விடுங்கள். ஷின்பாச்சியின் அக்கா ஓட்டாயேவை, வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும், காவல்படைத் தலைவரே வீடுவரை பின்தொடர்கிறார். மாடியிலும் கட்டிலடியிலும் ஒளிந்துகொள்கிறார். இதைத் திரும்பத் திரும்பச் சிரிப்பாகக் காட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பிள்ளைகள் தெருவில் நடக்கும் இடத்தில் வாழ்கிற யாருக்கும் வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

மரவாள் எழுதியது:

நீங்கள் சொல்வதில் மறுப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை அம்மா. ஓட்டாயே ஒவ்வொரு முறையும் கொண்டோவை அடித்துத் துவைக்கிறாள் என்பது உண்மை, ஆனால் அதனால் அந்தப் பின்தொடர்தல் சரியாகிவிடாது. நான் மிகவும் நேசிக்கும் தொடரில் எனக்கு உறுத்தும் இடம் அதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம். பதினாறு, பதினேழு ஆகட்டும். அப்போதும் உடன் உட்கார்ந்து பாருங்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

வெயில்குடை அக்கா, நான் மருத்துவமனையில் இரவுப்பணி செவிலியர். பெண் வேடமிட்ட ஆண்களை வைத்து இந்தத் தொடர் செய்யும் நகைச்சுவை சில எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆண்கள் வேலை செய்யும் விடுதியை நடத்தும் சைகோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போரில் பெயரெடுத்த வீரர். மனைவியை இழந்தவர். தாய் இல்லாத குறை மகனுக்குத் தெரியக் கூடாது என்று தாயும் தந்தையுமாக நின்று வளர்க்கிறார். பள்ளியில் மற்ற பையன்கள் கேலி செய்யும்போது அந்தச் சின்ன மகன் தன் அப்பாவுக்காக நிற்கிறான். முதல் ஐந்து நிமிடம் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குக் கடைசி ஐந்து நிமிடம் தலைநிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும். எனக்கு இருந்தது.

பாதிவரி எழுதியது:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். பொழுதுபோக்காக அனிமேக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிப் பழகுபவன் நான். கின்டாமா என்ற பெயரைத் தமிழில் எழுதும்போதே ஒரு கண்ணியில் மாட்டிக்கொள்கிறோம் என்பதை யாரும் சொல்லவில்லையே!

ஜப்பானிய மொழியில் ‘கின்’ என்பதை வல்லொலியில் சொன்னால் தங்கம், மெல்லொலியில் சொன்னால் வெள்ளி. தொடரின் பெயர் வெள்ளி, அதாவது வெள்ளி ஆன்மா. தங்கத்தைப் போட்டு அதே பெயரைச் சொன்னால் ஆணின் உறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். அதை நூலிழையில் தொட்டும் தொடாமலும் செல்வதுதான் பெயரின் குறும்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘க’! நாம் எழுதிவைத்திருக்கும் ‘கின்டாமா’வைச் சொல்லுக்கு முதலில் க வந்தால் எப்படிப் படிப்போமோ அப்படிப் படித்தால், அவர்கள் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லிவிடுகிறோம்.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் 253 முதல் 256 வரை என்ன செய்வது? தொடர் இடைவேளை விட்டுத் திரும்பிவரும்போது கின்டோகியின் இடத்தில் வேறொருவன் இருக்கிறான். பொன்னிற முடி, அதுவும் நேராக வாரிய முடி. எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். அவன் பெயர் தங்கக் கின்டோகி. ஊரே அவனைத்தான் இத்தனை நாளும் தெரியும் என்கிறது. நம்மவனை யாருக்கும் நினைவில்லை. நினைவு வைத்திருப்பது இயந்திரப் பெண் டமாவும், நாய் சடஹாருவும் மட்டுமே. கதை முழுக்க இரு பெயர்களின் ஒற்றை ஒலி வேறுபாட்டில் நிற்கிறது. தமிழில் எழுதினால் இருவரும் ஒரே பெயர்! இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ‘வெள்ளிக் கின்டோகி’, ‘தங்கக் கின்டோகி’ என்றே போட்டேன். இன்னும் எனக்கு நிறைவில்லை.

நிலாமுற்றம் எழுதியது:

பாதிவரி, இது எனக்குத் தெரியவே தெரியாது. வேறு எந்தச் சொல் உங்களைப் படுத்தியது?

பாதிவரி எழுதியது:

நிறைய. கட்சுராவை நண்பர்கள் ‘ஸுரா’ என்று கூப்பிடுவார்கள். அதற்குப் பொய்முடி என்று பொருள். ‘ஸுரா இல்லை, கட்சுரா!’ என்று அவன் ஒவ்வொரு முறையும் திருத்துவான். அதை அப்படியே விட்டுவிட்டேன், நான்காவது முறை வரும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் ஒரு வெற்றியைப் பெருமையோடு சொல்கிறேன். ஹசெகாவா என்று ஒரு நடுவயதுக்காரர். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தார். அந்த அமான்டோ இளவரசன் விவகாரத்தில் மானத்தைக் காக்கப் போய்ப் பதவி போயிற்று. அதன்பிறகு எந்த வேலைக்குப் போனாலும் நிலைக்காது. கறுப்புக் கண்ணாடியோடு பூங்காவில் படுத்திருப்பார். அவரை எல்லோரும் ‘மாடாவோ’ என்பார்கள். அறவே உருப்படாத நடுவயது ஆசாமி என்று ஜப்பானிய மொழியில் வரும் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம். அதைத் தமிழில் எப்படிச் சுருக்குவது? ஒருநாள் பேருந்தில் போகும்போது வந்தது: மாடாய் உழைத்தும் ஓட்டாண்டி. மாடா-ஓ!

கருங்கப்பல் எழுதியது:

அபாரம்! ஆனால் ஒரு சந்தேகம். மூலத்தில் அவர் உருப்படாதவர். உங்கள் தமிழில் அவர் உழைப்பாளி ஆகிவிட்டாரே?

பாதிவரி எழுதியது:

அதை நானும் யோசித்தேன். பெயர் வைத்தவர்கள் அவரை உருப்படாதவர் என்றார்கள். நான் எல்லா எபிசோடையும் பார்த்தபின் வைத்தேன். வண்டி ஓட்டுகிறார், கடையில் நிற்கிறார், எந்த வேலை கிடைத்தாலும் செய்கிறார். ஒன்றும் தங்கவில்லை. எனக்கு அவர் உழைத்தும் ஓட்டாண்டியாகவே தெரிகிறார்.

இரவுவிளக்கு எழுதியது:

பாதிவரி அண்ணாவின் கட்சிதான் நானும்.

நிலாமுற்றம், பார்க்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. நான் சந்தா கட்டியிருந்த ஒரு தளத்தில் சில பருவங்கள் மட்டுமே இருந்தன. நடுவில் ஒரு பெரிய துண்டு இல்லை என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டே போனேன். 201 வரை முதல் தொடர். பிறகு 2011-இல் 51, 2012-இல் 13, 2015-இல் 51, 2017-இல் 12-உம் 13-உம், 2018-இல் 26. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளிசாதம் எழுதியது:

அத்தோடு முடியவில்லை. 2021 ஜனவரியில் வந்த இறுதித் திரைப்படத்தையும் பார்த்தால்தான் கதை முடியும். முடிவு என்று இவர்கள் சொன்னால் நம்பக் கூடாது. மாங்கா வார இதழில் 2018 செப்டம்பரில் முடியும் என்றார்கள், முடியவில்லை. வேறோர் இதழுக்குப் போனது, அங்கேயும் முடியவில்லை. கடைசியில் 2019 ஜூனில் ஒரு கைபேசிச் செயலியில்தான் 704-ஆவது அத்தியாயத்தோடு முடிந்தது. அந்த இறுதித் திரைப்படம் வெளியானபோது, பன்னிரண்டு வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த இன்னொரு பெரிய அனிமே படத்தை அந்த இடத்திலிருந்து இறக்கியது. படம் பார்க்க வந்தவர்களுக்குச் சொராச்சி கொடுத்த பரிசு என்ன தெரியுமா? அந்தப் போட்டிப் படத்தின் பாத்திரங்களைத் தன் கையால் வரைந்த அட்டைகள்!

மரவாள் எழுதியது:

தக்காளிசாதம், இவ்வளவு நுணுக்கமாக நேசிக்கிற நீங்கள் எப்படி 83-ஐத் தாண்டச் சொன்னீர்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெனிசகுராவையும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரே ஆசானிடம் படித்த மூன்று நண்பர்கள். டகாசுகி உலகையே அழிக்கக் கிளம்பிவிட்டான். கட்சுராவின் உயிரைக் காத்தது, அவன் மார்போடு வைத்திருந்த அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய பாடநூல். வெட்டு அதில்தான் விழுந்தது. எல்லாம் முடிந்தபின் கட்சுரா கேட்கிறான், உன் நூல் இன்னும் இருக்கிறதா என்று. ராமென் நூடுல்ஸ் கொட்டிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிறான் கின்டோகி. அங்கே நீங்கள் சிரிப்பீர்களா, தொண்டை அடைக்குமா என்பதை வந்து சொல்லுங்கள். அதுவரை நான் காத்திருக்கிறேன்.

நிலாமுற்றம் எழுதியது:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். மன்னியுங்கள், முதலில் சுருக்கமாகப் பதில்கள்: ராமென் காட்சியில் சிரித்தேன், அப்புறம் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அசையாத வீட்டுப் படத்தை என் அம்மாவும் என்னோடு பார்த்தார். ஒரு எழுத்தும் படிக்காமல் குரல்களைக் கேட்டே சிரித்தார்.

நேற்று இரவு 307 முடித்தேன். இனி எழுதுவதை அதுவரை வராதவர்கள் படிக்க வேண்டாம்.

தக்காளிசாதம் சொன்னதைக் கேட்காமல் 83-ஐப் பார்த்திருந்தேன். ஷோகுன் ஷிகேஷிகே ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்று, ஒவ்வொன்றாக ஆடையை இழந்து, கடைசியில் உள்ளாடையோடு நிற்பார். ஷோகுன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் அணியும் என்று கம்பீரமாகச் சொல்வார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. அடுத்து முடிதிருத்தும் கடைக்கு வந்து குடுமி போனது. பனிமலையில் அவரையே பலகையாக்கிச் சறுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் அதிர்ந்து ‘ஷோகுனா!’ என்று கத்துவார்கள், நானும் திரையைப் பார்த்துக் கத்தப் பழகிவிட்டேன். ஒருமுறைகூட அவர் யாரையும் தண்டிக்கவில்லை, கோபப்படவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

300-ஆவது எபிசோடில் அவரைக் கொல்ல ஆள் வருகிறது. ஷின்செங்குமியும் நிஞ்சாக்களும் கின்டோகியும் சுற்றி நிற்கிறார்கள். இத்தனை பேர் இருக்கிறார்களே, காப்பாற்றிவிடுவார்கள் என்று நம்பினேன். போரில் காப்பாற்றியும் விட்டார்கள். பிறகு, எல்லாம் ஓய்ந்தபின், நஞ்சு. தங்கை சோயோவின் மடியில் தலைவைத்துப் படுத்தபடி போய்விட்டார். யாரும் ‘ஷோகுனா!’ என்று கத்தவில்லை. நான் அந்தக் குரலுக்காகக் கடைசிவரை காத்திருந்தேன்.

தூக்கம் வரவில்லை. எழுந்து 83-ஐ மறுபடி போட்டேன். அந்த விடுதியில் அவர் உள்ளாடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அறையில் அவர் ஒருவர்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறார், ஆனால் எழுந்து போகவில்லை. அவருக்கு அங்கே இருக்கப் பிடித்திருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

தக்காளிசாதம் எழுதியது:

என் பட்டியலிலிருந்து 83-ஐப் பற்றிய வரியை நீக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறேன். நான் அந்த எபிசோடைப் பார்த்து எட்டு ஆண்டாகிறது. இன்றிரவு பார்க்கிறேன்.

மரவாள் எழுதியது:

நிலாமுற்றம், 308-இலிருந்து ஷின்செங்குமியின் பிரியாவிடை. ஒன்பது எபிசோடு. ஒரே நாளில் பார்க்கவேண்டாம். கொண்டோவைப் பற்றி வெயில்குடை அம்மா சொன்னதையும் மறக்காமல், அந்த மனிதரைப் பாருங்கள். முடித்ததும் வாருங்கள், பேசுவோம்.

நிலாமுற்றம் எழுதியது:

நாளை ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் உட்காருகிறேன் என்கிறார். அவருக்கு யாமசாகியைத்தான் பிடிக்கும். அவனுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.